ஏழாம் வரிசையும் முட்டுக் குழுவும்

"அந்தக் காலுறை யாருடையதுன்னு நான் கேட்கவே இல்ல."

"இதோட நாலு தடவை கேட்டாச்சு."

"செடியைக் கட்ட எதுக்குக் காலுறைன்னு கேட்டேன். அது வேற கேள்வி."

"யாருடையதுன்னு தெரிஞ்சாத்தான் தூக்கம் வரும்னா சொல்லிடறேன், போலென்ஸ் சார். என்னோடதுதான். கருப்பு. போன குளிர்காலத்துல வாங்கினது. குதிகால் கிட்ட கிழிஞ்சிடுச்சு. வேற ஏதாவது விவரம் வேணுமா?"

கண்ணாடிக் குடிலுக்குள் பேச்சு நன்றாக எதிரொலிக்கும். மற்ற வரிசைகளில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டார்கள். முகம் தெரியாமல் இருந்தால்தான் காது நன்றாகக் கேட்கும் என்பது எங்கள் ஊர்க்காரர்களின் அனுபவம்.

ஏழாம் வரிசை ஓரமாகக் கெர்வின் போலென்ஸ் கையில் ஒரு மூங்கில் குச்சியோடு நின்றார். ஐம்பத்தெட்டு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர், இதுவரை யாரிடமும் குரலை உயர்த்தியதாகக் கேள்வி இல்லை. எதிரே அல்முட் ஹார்ம்ஸ், துறைமுகத்துப் பக்கம் படகுப் பாய் தைக்கும் பட்டறை வைத்திருப்பவர், இடுப்பில் கை வைத்தபடி. இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சண்டை வேறு யாரைப் பற்றியோ என்பதுபோல, ஒரு கிளையைச் சைக்கிள் சக்கரத்தின் விளிம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார் ஓக்கோ ஃப்ரீரிக்ஸ். அந்தக் கட்டுதான் கருப்பாக இருந்தது.

"நைலான் இழுத்தா கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் சார்," என்றார் ஓக்கோ, தலையைத் தூக்காமல். "கயிறு தண்டை அறுத்துடும். அவ்வளவுதான் விஷயம். அல்முட், இன்னொரு துண்டு தர்றியா?"

கெர்வினுக்கு உண்மையில் அடி விழுந்தது அந்தத் 'தர்றியா'வில்தான். காலுறை அப்புறம்.

எங்கள் பக்கம் ஒருவரை 'நீங்க'விலிருந்து 'நீ'க்குக் கொண்டுவருவது பாதி நிச்சயதார்த்தம் மாதிரி. ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் சம்மதிக்க வேண்டும், இரண்டு பேரும் ஒரு கோப்பை ஏதாவது குடிக்க வேண்டும். பெண்தான் முதலில் கேட்பது முறை என்று கெர்வின் இரண்டு வருஷம் காத்திருந்தார். வயதில் மூத்தவர்தான் முதலில் கேட்பது முறை என்று அல்முட் இரண்டு வருஷம் காத்திருந்தார். இரண்டுமே சரியான முறைகள்தான். இந்த வசந்தத்தில் சங்கத்தில் சேர்ந்து, ஏழாம் வரிசைக்கு மூன்றாமவராக வந்த ஓக்கோவுக்கு எந்த முறையும் தெரியாது. இரண்டாவது வாரமே அவரும் அல்முட்டும் 'நீ' ஆகிவிட்டார்கள். குடித்தது வெறும் ஆப்பிள் சாறு என்று பக்கத்து வரிசையில் சொன்னார்கள்.

பச்சைக்கரை கஞ்சா வளர்ப்போர் பதிவுபெற்ற சங்கம், சங்கமாகச் சேர்ந்து கஞ்சா வளர்க்கலாம் என்று ஜெர்மனியில் சட்டம் மாறிய வருஷமே ஆரம்பித்தது. தக்காளி போட்டு நொடித்துப்போன ஒருவரின் கண்ணாடிக் குடிலை வாடகைக்கு எடுத்தார்கள். முதலில் இருநூற்றுப் பத்துப் பேர் சேர்ந்தார்கள். அவர்களில் புகைக்க ஆசைப்பட்டவர்கள் முதல் பருவத்திலேயே விலகிவிட்டார்கள். குடிலுக்குள் புகைக்கக் கூடாது, வாசலில் கூடாது, வேலியிலிருந்து நூறு மீட்டருக்குக் கூடாது, அதைப் பற்றி வெளியில் ஆசையாகப் பேசினால் விளம்பரம், அதுவும் கூடாது. எஞ்சியவர்கள் நூற்று நாற்பது பேர். இவர்கள் கூட்டம் நடத்த ஆசைப்பட்டவர்கள்.

கெர்வின் இந்த இரண்டு கட்சியிலும் இல்லை. முழங்கால் வலிக்கு நல்லது என்று யாரோ சொல்லிச் சேர்ந்தவர். உறுப்பினர்கள் கையால் வேலை செய்தாக வேண்டும் என்பதால் வரிசைக்கு இரண்டு பேராகப் பிரித்தார்கள். ஏழாம் வரிசைக்கு அவரும் அல்முட்டும். இரண்டாவது வாரத்தில் அவருக்கு முழங்கால் வலி போய்விட்டது. கஞ்சா அப்போது முளைக்கவே இல்லை.

அன்று முதல் வியாழக்கிழமை தவறாமல் இஸ்திரி போட்ட சட்டையில் போனார். செடிக்குத் தண்ணீர் ஊற்ற எதற்கு இஸ்திரிச் சட்டை என்று எங்கள் தெருவில் யாரும் அவரைக் கேட்கவில்லை. எங்களுக்குள் கேட்டுக்கொண்டோம்.

அவர் செடி வளர்த்த விதமும் அவரைப் போலத்தான். செடிக்கு ஒரு மூங்கில் குச்சி, நட்டுக்குத்தலாக. குச்சியோடு செடியைக் கட்டிவிட்டால் அதுவும் விறைப்பாக மேலே போகும், உச்சியில் ஒரே ஒரு பூ வைக்கும், கீழே இருப்பதெல்லாம் நிழலில் சோம்பிக் கிடக்கும். ஓக்கோ முப்பது வருஷம் பல் மருத்துவருக்குக் கம்பி வளைத்துக் கொடுத்தவர். கோணல் பல்லை வாரத்துக்கு ஒரு நூலளவு இழுத்து இழுத்து நேராக்குகிற வேலை. செடியையும் அவர் ஒரு தாடையாகத்தான் பார்த்தார். பழைய இரும்புக் கடையிலிருந்து சைக்கிள் சக்கரங்களை வாங்கிவந்து, ஊன்றுகோல், குடைக்கம்பி, தொட்டில் கால் என்று அகப்பட்டதையெல்லாம் கால்களாகக் கொடுத்து, ஒவ்வொரு செடியைச் சுற்றியும் சக்கரத்தைப் படுக்க வைத்தார். உச்சியை மெல்ல வளைத்து, கிளைகளை நாலா பக்கமும் விளிம்புக்கு இழுத்துக் கட்டினார். ஜூன் பிறப்பதற்குள் ஏழாம் வரிசைச் செடிகள் விரித்த பாய் மாதிரி ஆகிவிட்டன. ஒவ்வொரு கிளையும் தன்னையே உச்சி என்று நினைத்துக்கொண்டு பூவெடுக்கத் தயாரானது. மற்ற வரிசைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். அல்முட் சிரித்துக்கொண்டே இருந்தார். அதுதான் பெரிய சேதம்.

காலுறைச் சண்டை நடந்த அன்றே கெர்வின் செயலாளர் ஹில்ட்பர்க்கின் மேஜைக்குப் போனார்.

"புகார் கொடுக்கணும்."

"எதைப் பத்தி?" ஹில்ட்பர்க் படிவத்தை எடுத்தார். "நாலு கட்டம் இருக்கு. தீ, சுகாதாரம், வேலி, இதர. பொறாமைக்குத் தனிக் கட்டம் இல்ல."

"எனக்கு ஒரு பொறாமையும் இல்ல."

"அப்ப 'இதர'."

கெர்வின் எழுதினார்: ஏழாம் வரிசையில் அங்கீகாரமில்லாத முட்டுகள். பொருத்தமற்ற கட்டுப்பொருள். தகுந்த நடவடிக்கை தேவை. யாராவது போய் ஓக்கோவிடம் "ஐயா, அந்தச் சக்கரத்தை எடுங்க, எட்டாம் வரிசைக்குப் போங்க" என்று சொல்வார்கள், இரண்டு வாரத்தில் பழையபடி ஆகிவிடும் என்பது அவர் கணக்கு. சங்கத்தைப் பற்றி இரண்டு வருஷத்தில் அவர் ஒன்றுமே தெரிந்துகொள்ளவில்லை.

தலைவர் டாக்டர் ஃபோல்க்ஹார்ட் சீவரிங், எடை அளவுச் சோதனை அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். 'இதர' என்ற கட்டத்தில் ஒரு புகாராவது வராதா என்று சங்கம் தொடங்கிய நாளிலிருந்து ஏங்கிக்கொண்டிருந்தார். பொதுக்குழு கூடியது. தீயணைப்புக் கூடத்தில் நீள மேஜை, தேநீர், கல்கண்டு, பாலாடை. தலைவர் எழுந்தார்.

"மதிப்புக்குரிய உறுப்பினர்களே. நமக்குப் பூச்சி வந்தது, பூஞ்சை வந்தது. ஆனால் ஒரு கொள்கைப் பிரச்சினை வரவில்லை. அதைக் கொண்டுவந்த போலென்ஸ் அவர்களுக்கு நன்றி. நான் பணியில் இருந்தபோது கசாப்புக் கடைத் தராசுகளைச் சோதித்தேன். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு முறைகூட இறைச்சியைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் கவனம் சிதறியிருக்கும். அதேபோல் இங்கேயும் நாம் செடியைப் பார்க்கப் போவதில்லை. முட்டுகளை மட்டுமே பார்ப்போம்."

கை தட்டினார்கள். கெர்வின் கை தூக்கினார்.

"தலைவரே, நான் கேட்டது ஒண்ணுதான். ஃப்ரீரிக்ஸ் கிட்ட யாராவது அந்தச் சக்கரத்தை எடுக்கச் சொல்லணும்."

"தனிநபரிடம் போய்ப் பேசுவது இந்தச் சங்கத்தின் வழக்கமல்ல," என்றார் சீவரிங். "பேசினால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். பிறகு நாம் எதற்கு இருக்கிறோம்?"

அப்புறம் முட்டு என்றால் என்ன என்று முடிவு செய்ய உட்கார்ந்தார்கள். எதன் மேல் இன்னொன்று சாய்கிறதோ அது முட்டு என்று தலைவர் வரைவு வைத்தார்.

"அப்ப சுவரு?" என்று பின்னாலிருந்து ஒருவர்.

"சுவரும் முட்டு."

"என் கைத்தடி?"

"அதன் மேல் நீங்கள் சாய்கிறீர்களா?"

"மழை நாள்ல மட்டும்."

"மழை நாளில் முட்டு. எழுதிக்கொள்ளுங்கள், ஹில்ட்பர்க்."

ஹில்ட்பர்க் எழுதினார். அவர் இருமலைக்கூட விடாமல் எழுதுகிறவர். மூன்று மணி நேரம் கழித்து எண்பத்தெட்டுக்குப் பூஜ்யம் என்று விதி நிறைவேறியது. மற்றவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். புது விதிப்படி அவர்களும் முட்டுகள்தான் என்பதால் வாக்கு எண்ணிக்கையில் சேர்க்கப்படவில்லை.

சோதனை நாளில் குடிலின் வாசலில் நீளமாக வரிசை நின்றது. ஆளுக்கொரு முட்டு கையில். ஒருவர் குளிர்பதனப் பெட்டியின் கம்பித் தட்டு கொண்டுவந்தார், ஒருவர் விளக்குக் கூண்டு, ஒருவர் கால் ஒடிந்த கடற்கரை நாற்காலி. ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ படிக்கல்லைத் தொங்கவிட்டு ஒரு மணி நேரம் பார்த்தார்கள். ஓக்கோவின் சக்கரம் வந்தது. சீவரிங் விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உட்பக்கத்தில் செய்தவர் பெயர், அளவு, தர எண் எல்லாம் பொறித்திருந்தது. அவர் அதை விரலால் தடவிய விதத்தைப் பார்த்தால் பேரக்குழந்தையோ என்று தோன்றும்.

"இது எண் உள்ள பொருள்," என்றார். ஒரே நிமிஷத்தில் அனுமதி.

அடுத்தது கெர்வின், கையில் ஒரு கட்டு மூங்கிலோடு.

"இது எங்கே விளைந்தது?"

"தெரியல. கடையில வாங்கினேன்."

"ரசீது?"

"ரெண்டு வருஷம் ஆச்சே."

"ஆக, தெரியாத ஊரில் விளைந்த தெரியாத புல்." சீவரிங் கண்ணாடியைக் கழற்றினார். "போலென்ஸ், இந்த விஷயத்தைக் கிளப்பியவரே நீங்கள். உங்களிடம் இதை நான் எதிர்பார்க்கவில்லை."

இருபத்து நான்கு குச்சிகளையும் பறிமுதல் செய்து உர அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். காலுறைக்கு நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. கட்டுப்பொருள் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பதிவு இருக்க வேண்டும். மறுநாள் அறிவிப்புப் பலகையில் முத்திரையோடு ஒட்டினார்கள்: 'நைலான் காலுறை, கருப்பு. வழங்குபவர்: அல்முட் ஹார்ம்ஸ். பெறுபவர்: ஓக்கோ ஃப்ரீரிக்ஸ். கால வரம்பு: இல்லை.'

பலகை வாசலிலேயே இருந்தது. உள்ளே போக வேண்டுமென்றால் அதைப் படித்துவிட்டுத்தான் போக வேண்டும். கெர்வின் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை படித்தார். கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை.

விதி வந்தால் அதை மேற்பார்க்க ஆள் வேண்டுமே. எந்தச் சோதனையும் நான்கு கண்களால் நடக்க வேண்டும் என்பது எங்கள் ஊர்ச் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் பொது. ஒரு ஆள் பார்த்தது பார்த்ததாகாது. எனவே முட்டுக் குழு என்று ஒன்று அமைந்தது. சட்டகம் தெரிந்தவர் ஒருவர், கட்டுத் தெரிந்தவர் ஒருவர்.

"நான் வர்றேன்," என்றார் கெர்வின், பெயர்களைச் சொல்லும் முன்பே.

"புகார்தாரர் வர முடியாது. உங்களுக்கு இதில் உணர்ச்சி இருக்கிறது."

"எனக்கு ஒரு உணர்ச்சியும் இல்ல தலைவரே."

"படிவத்தில் எழுத்து நடுங்கியிருக்கிறது," என்றார் சீவரிங், கனிவாக.

ஓக்கோவும் அல்முட்டும் நியமிக்கப்பட்டார்கள். செவ்வாய், வெள்ளி, மாலை நான்கு முதல் ஆறு. மற்ற உறுப்பினர்கள் அந்த நேரத்தில் குடிலுக்குள் நுழையக் கூடாது, சோதனையின் நடுநிலை கெட்டுவிடும். கெர்வின் வேலிக்கு வெளியே, மறைப்புத் தட்டி விலகியிருந்த இடத்தில், சைக்கிளுக்குக் காற்றடிப்பதுபோல நின்றார். அந்தச் சைக்கிளுக்கு அவ்வளவு காற்று எப்போதும் தேவைப்பட்டதில்லை. கண்ணாடி வழியாகப் பச்சையாக இரண்டு உருவங்கள் தெரிந்தன. சில சமயம் ஒன்றாகத் தெரிந்தன.

இரண்டாவது புகார் எழுதினார். சோதனையாளர்கள் ஒருவருக்கொருவர் மிக அருகில் நிற்கிறார்கள், இது நடுநிலைக்கு உகந்ததல்ல. பொதுக்குழு இதை மிகவும் பாராட்டியது. சோதனையாளர்களுக்கு இடையில் இரண்டு மீட்டர் என்று விதி போட்டார்கள். இடைவெளியை எப்படி உறுதி செய்வது என்று ஒருவர் கேட்டார். தலைவர் யோசித்து, இரண்டு மீட்டர் மடக்கு அளவுகோலை விரித்து ஆளுக்கொரு முனையைச் சோதனை முடியும்வரை விடாமல் பிடித்திருக்க வேண்டும் என்று சேர்த்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை தட்டியின் இடுக்கு வழியாகக் கெர்வின் பார்த்தார். இரண்டு பேரும் அளவுகோலின் இரு முனையைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தார்கள். மாலை எடுத்துப் போகிற மாப்பிள்ளை பெண் மாதிரி இருந்தது. திருப்பம் வந்தால் ஒருவருக்காக ஒருவர் நின்றார்கள். மடக்கு அளவுகோல் என்பதால் நாலாம் வரிசை தாண்டியதும் அது ஒவ்வொரு மடிப்பாக மடிந்தது.

மூன்றாவது புகார்: மூன்றாவது ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டும். ஆறு கண்களுக்குச் சாசனத்தையே திருத்த வேண்டும், நீதிமன்றத்தில் பதிய வேண்டும், நாலு மாதம் ஆகும் என்று பதில் வந்தது. பதிலோடு, இதுவரை இவ்வளவு ஈடுபாடு காட்டிய உறுப்பினர் யாரும் இல்லை என்று ஒரு பாராட்டுக் கடிதமும் வந்தது.

இதற்குள் சான்றுத் தகடு வந்துவிட்டது. அனுமதி பெற்ற ஒவ்வொரு முட்டிலும், ஒவ்வொரு கட்டிலும் எண், தேதி, இரண்டு கையெழுத்தோடு பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு தகட்டைத் தொங்கவிட வேண்டும். தகடு ஒன்று அறுபத்தோரு கிராம். கிளை அவ்வளவு இல்லை. கிளைகள் தொங்க ஆரம்பித்தன. தொங்கிய கிளைக்கு முட்டுக் கொடுத்தார்கள். அந்த முட்டும் முட்டுதானே, அதற்கும் தகடு. தகட்டின் கனத்தில் முட்டு சாய்ந்தது, அதற்கு ஒரு முட்டு. ஆகஸ்டில் நாலாம் வரிசையில் ஒரு செடிக்கு ஒன்பது முட்டும் பதினேழு தகடும் இருந்தன. காற்றாடி போட்டால் குடில் முழுக்க மாட்டுக் கொட்டகை மாதிரி கடகடவென்று சத்தம். இலைகள் தகட்டு நிழலில் மஞ்சளாகி உதிர்ந்தன.

"தகட்டைக் கழட்டிட்டா செடி பிழைச்சுக்கும்," என்றார் ஓக்கோ, ஒரு கூட்டத்தில்.

"தகடு இல்லாத முட்டு முட்டே அல்ல," என்றார் சீவரிங். "முட்டு இல்லையென்றால் செடி விழுந்திருக்க வேண்டும். விழவில்லை என்றால் அது அனுமதியின்றி நிற்கிறது. அனுமதியின்றி நிற்கும் செடியை நான் எப்படி ஆதரிப்பேன்?"

அதே கூட்டத்தில் இன்னொன்றும் தீர்மானமானது. சோதிப்பவர்களுக்குச் சொந்த வரிசை இருக்கக் கூடாது. ஏழாம் வரிசை முழுவதும், சக்கரங்கள் உட்பட, கெர்வின் போலென்ஸ் பொறுப்பில் விடப்படுகிறது.

அப்படியாக, எதைப் பார்த்து வயிறு எரிந்தாரோ அது அத்தனையும் அவருக்கே வந்தது. வியாழக்கிழமை போய் நின்றார். பாய் பாயாக விரிந்த செடிகள், கருப்புக் கட்டுகள், ஒவ்வொன்றிலும் தொங்குகிற தகட்டில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கையெழுத்து. ஹார்ம்ஸ் என்பதன் கடைசி எழுத்து ஃப்ரீரிக்ஸின் முதல் எழுத்தைத் தொட்டது. எல்லாத் தகட்டிலும் தொட்டது. தொடாத ஒன்று கிடைக்குமா என்று ஒரு மணி நேரம் தேடிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் வெள்ளி. ஆறு மணிக்குச் சோதனை முடிந்து ஓக்கோ வண்டியை எடுக்கப் போயிருந்தபோது, கேட்டருகே பிளாஸ்கோடு நின்றார் கெர்வின். கோப்பை இரண்டு.

"ஹார்ம்ஸ் மேடம், ஒரு நிமிஷம்."

"கட்டு எதுவும் அவுந்துடுச்சா?"

"இல்ல. வந்து… நாம ரெண்டு வருஷமா 'நீங்க'ன்னே கூப்பிட்டுட்டு இருக்கோம். நான்தான் வயசுல மூத்தவன். அதனால நானே கேட்கலாம்னு."

அல்முட் கவிழ்த்துப் போட்டிருந்த வாளி மேல் உட்கார்ந்தார். கோப்பையை வாங்கிக்கொண்டார்.

"அந்த மூணு புகாரும் யார் எழுதினதுன்னு எனக்குத் தெரியாதா? பலகையிலேயே ஒட்டியிருக்கே."

"அது சக்கரத்தைப் பத்தி."

"சைக்கிள் சக்கரத்து மேல கோபப்பட்டு யாரும் மூணு படிவம் எழுத மாட்டாங்க." அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் கெர்வினுக்குப் பயமாக இருந்தது. "ரெண்டு வருஷம், ஒவ்வொரு வியாழக்கிழமையும் உங்க எதிர்லயே நின்னேன். இன்னிக்குச் சொல்வாரு, அடுத்த வாரம் சொல்வாருன்னு. சீவரிங்குக்கு மூணு பக்கம் எழுத வந்துச்சு உங்களுக்கு. எனக்கு ஒரு வரி எழுத வரல. படிவம் இருந்தாத்தான் வரும்னு தெரிஞ்சிருந்தா நானே ஒண்ணு அடிச்சுக் கொடுத்திருப்பேன்."

"நீங்கதான் முதல்ல கேட்கணும்னு நினைச்சேன். அதுதானே மரியாதை."

"மரியாதைதான். உங்க மேல எனக்கு நிறைய மரியாதை இருக்கு."

அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை என்று கெர்வினுக்கே தெரிந்தது. இருந்தாலும் கேட்டார்.

"அவர் அப்படி என்ன செஞ்சிட்டாரு?"

"பெருசா ஒண்ணும் செய்யல. தையல் மிஷின் ரிப்பேர், அம்மாவோட இடுப்பு, வாடகை ஏத்தினதுன்னு நான் புலம்பினா உட்கார்ந்து கேட்டான். எழுதிக் கொடுன்னு சொல்லல." தேநீரை முடித்துக் கோப்பையை நீட்டினார். "நல்லா இருக்கு. கல்கண்டு கொஞ்சம் கூடிடுச்சு, கெர்வின்."

பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வண்டி வந்தது. ஏறிப் போய்விட்டார்.

செப்டம்பரில் மாநிலத் துறையிலிருந்து ஆய்வாளர் ஒருவர் வந்தார். இளம்பெண், ரப்பர் பூட்ஸ், கையில் பட்டியல். சீவரிங் அவரை வரிசை வரிசையாக அழைத்துப் போனார். அவர் நின்று தகடுகளைப் படித்தார், தேதி பார்த்தார், தலையசைத்தார்.

"இவ்வளவு ஒழுங்கா எங்கேயும் பார்த்ததில்ல," என்றார். "செடி எங்க?"

"தகடுகளுக்குப் பின்னால்," என்றார் சீவரிங்.

முந்தின வருஷம் பதினெட்டு கிலோ அறுத்த குடிலில் அந்த வருஷம் நூற்று நாற்பது பேருக்குமாகச் சேர்த்து ஒரு பிஸ்கட் டப்பா நிறைந்தது. அறுவடைக் கூட்டத்தில் தலைவர் கண் கலங்கப் பேசினார்: "குறைவு என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்த முட்டில், எந்தக் கட்டில், யார் முன்னிலையில் விளைந்தது என்று தெரியாத ஒரு கிராம்கூட இதில் இல்லை. அடுத்த வருஷம் விளைச்சலையே தவிர்த்துவிட்டால் இந்த ஒழுங்கை நாம் முழுமையாக்கலாம்." கை தட்டினார்கள். கெர்வினை முட்டுக் குழுவின் தலைவராக்கியதும் அந்தக் கூட்டத்தில்தான். புகார்தாரர் சோதிக்கக் கூடாதே தவிர, தலைமை தாங்கலாமாம்.

அக்டோபர் முதல் வாரம் அவருடைய மேஜைக்கு வந்த முதல் தபால், சோதனையாளர்கள் இருவரும் ஒரே தாளில் எழுதிய விலகல் கடிதம். காரணம்: திருமணம், ஊர் மாற்றம். அது குழுத் தலைவருக்குத்தான் வர வேண்டும். பதினான்கு நாளுக்குள் அவர் ஆட்சேபித்தால், மாற்று ஆள் பயிற்சி பெறும்வரை, அதாவது அடுத்த கோடை வரை, இரண்டு பேரும் செவ்வாயும் வெள்ளியும் வந்தாக வேண்டும். அப்படி ஒரு விதி இருந்தது. சேரும்போது எல்லாரும் அதில் கையெழுத்துப் போட்டவர்கள்தான், எங்கள் ஊரில் போட்ட கையெழுத்தை யாரும் மீற மாட்டார்கள். பட்டறையைக் காலி செய்வதைக்கூட அல்முட் அந்தத் தேதிக்காக நிறுத்தி வைத்திருந்தார்.

"ஆட்சேபியுங்கள்," என்றார் சீவரிங், தொலைபேசியில் மூன்று தடவை. "உங்கள் பக்கம் வலுவான காரணங்கள் இருக்கின்றன."

ஒன்பது மாதம். வாரத்துக்கு இரண்டு நாள். அதற்குள் எவ்வளவோ நடக்கலாம், சம்பந்தங்கள் முறிவது இல்லையா. கெர்வின் சாப்பிடும்போதும் லென்ஸ் தேய்க்கும்போதும் அதையே நினைத்தார். அந்த இரண்டு வாரத்தில் தப்பான கண்ணாடி போட்டுக்கொண்டு எங்கள் தெருவில் மூன்று பேர் நடந்தார்கள்.

பதினான்காம் நாள் மதியம் ஹில்ட்பர்க்கின் மேஜைக்குப் போனார். படிவம் தயாராக இருந்தது. தேதிகூட எழுதி வைத்திருந்தார்.

கெர்வின் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப மூடினார்.

"வேண்டாம். போகட்டும்."

"காரணம்?"

"எழுதாம இருக்கறதுக்குமா காரணம் எழுதணும்?"

"இல்ல, வேண்டாம்," என்றார் ஹில்ட்பர்க். "நான் சும்மா கேட்டேன். தெருவுல கேப்பாங்க."

கேட்டோம். ஹில்ட்பர்க் நடந்ததை அப்படியே சொன்னார்.

அல்முட்டும் ஓக்கோவும் நவம்பரில் நகர மன்றத்தில் கல்யாணம் செய்துகொண்டு, டென்மார்க்கைச் சேர்ந்த தீவு ஒன்றுக்குக் குடிபோனார்கள். அங்கே கஞ்சா போட்டால் போலீஸ் வரும் என்பதால் பட்டாணி போடுகிறார்களாம். சீவரிங் எதிர்ப்பின்றி மறுபடி தலைவரானார். அவர் மனைவி பிரேமனில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. ஹில்ட்பர்க், யாருமே எதிர்பாராத விதமாக, தீயணைப்புக் குழுவில் டிரம்பட் வாசிக்கிறவரைக் கட்டிக்கொண்டார். வசந்தத்தில் கெர்வினும் வீட்டைக் காலி செய்துவிட்டு மலைப் பக்கம் தங்கை இருக்கிற ஊருக்குப் போனார். பக்கத்து வீட்டில் ஒரு விதவை இருக்கிறாராம். முதல் நாளே கெர்வின் போய் 'நீ'ன்னு கூப்பிடட்டுமா என்று கேட்டாராம், அந்த அம்மாள் பயந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். மறுநாள் அந்த அம்மாளே ஒரு தட்டில் பிளம் கேக் கொண்டுவந்து கொடுத்து, கேள்வியை இன்னொரு தடவை கேட்கச் சொன்னதாகத் தங்கை எழுதியிருக்கிறார்.